எதைக் கழுவுகிறோம்?

ஒரு மொழியின் பெயர்ச்சொற்கள் அம்மொழி பேசுவோர் எவற்றையெல்லாம் கண்டார்கள் என்பதைக் கூறும். வினைச்சொற்களோ அவர்கள் என்னவெல்லாம் செய்தார்கள் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். முப்பதாண்டுக் காலம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் அம்மொழியின் வினைச்சொற்களோடு எனக்கு நெடுநாளையப் பழக்கம் உண்டு. அவற்றுள் பார்வைக்கு மிகவும் சாதுவானது, ஆயினும் நினைக்க நினைக்க உறக்கத்தைக் கெடுப்பது, 'கிளென்ஸ்' என்னும் சொல். தூய்மை செய்தல் என்று அகராதி பொருள் கூறும் அச்சொல்லைக் குறித்துச் சில எண்ணங்களை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஆங்கிலத்தில் தூய்மை செய்வதற்குக் 'கிளீன்' என்றோர் எளிய சொல் இருக்கின்றதே, பிறகு 'கிளென்ஸ்' எதற்கு? ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு வகுப்பில் ஒரு மாணவன் இக்கேள்வியைக் கேட்பான். இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்தாம். வினைச்சொல் என்ற நிலையில் பார்த்தால் 'கிளென்ஸ்'தான் மூத்தது; ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்திலேயே அது வழங்கிற்று. 'கிளீன்' அக்காலத்தில் 'தூய' என்னும் பொருள் தரும் அடைமொழியாக இருந்து, பதினைந்தாம் நூற்றாண்டளவில்தான் வினையாகவும் வழங்கத் தொடங்கியது. இளையது வந்ததும் வீட்டு வேலைகளையெல்லாம் தன் கையில் எடுத்துக்கொண்டது. மேசை, சன்னல், சமையலறை, மிதிவண்டி ஆகியவற்றுக்குக் 'கிளீன்' போதும். மூத்ததற்கோ உயர்ந்த பணிகளே எஞ்சின. புண்ணைக் கழுவுவதற்கும், சருமத்தைப் பேணுவதற்கும், உள்ளத்தின் மாசு நீக்குவதற்கும், பாவத்தைப் போக்குவதற்கும் 'கிளென்ஸ்' வேண்டும். 1611ஆம் ஆண்டில் வெளியான ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பு, குட்டநோயாளர் நலம் பெறுவதை இச்சொல்லாலேயே குறித்தது. "நான் என் மிதிவண்டியைக் கிளென்ஸ் செய்தேன்" என்று ஒரு மாணவன் எழுதினால் இலக்கணப்படி பிழையில்லை. ஆயினும் ஆங்கிலேயர் புன்னகைப்பர். மிதிவண்டிக்குப் பாவமன்னிப்பு வழங்கியதுபோல் அது ஒலிக்கும்!

இதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. கிளாஸ்கோ போன்ற பிரித்தானிய நகரங்களில் தெருக் குப்பையை அள்ளும் நகராட்சித் துறைக்குக் 'கிளென்சிங்' துறை என்றே பெயர் வழங்கிற்று. பாவத்தைப் போக்கும் சொல்லே குப்பை வண்டியிலும் ஏறியது. ஒருபுறம் புனிதம், மறுபுறம் குப்பை. இவ்விரண்டையும் ஒருங்கே சுமந்த சொல் இது என்பதை மனத்தில் இருத்திக்கொள்வோம்.

நம் தமிழுக்கு வருவோம். தூய்மை செய்யும் வினைகளில் நம் மொழி எவ்வளவு செல்வம் படைத்தது என்பதை அறிய அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. என் உம்மாவின் ஒரு நாளைய வேலைகளை எண்ணிப் பார்த்தாலே போதும். விடியலில் எழுந்து வாசலைப் பெருக்குவார்கள். பல் துலக்கி, வாய் கொப்பளித்து, ஒளுச் செய்து தொழுவார்கள். பின்னர்ப் பாத்திரம் விளக்குவார்கள், அரிசி களைவார்கள், கீரை ஆய்வார்கள், உளுந்தைப் புடைப்பார்கள், துணியைக் கசக்கி அலசுவார்கள், தரையைத் துடைப்பார்கள், பிள்ளைகளின் கைகால்களை அலம்பிவிடுவார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு வினை. அரிசியை அலசினேன் என்றோ பாத்திரத்தைக் களைந்தேன் என்றோ அவர்கள் வாயில் ஒருநாளும் வந்ததில்லை. பொருளின் தன்மையைக் கையறியும், கையறிந்ததை நாவறியும்.

இவ்வினைகளில் ஒரு நுட்பம் இருக்கிறது. 'அரிசியைக் களைந்தாள்' என்கிறோம். 'வயலில் புல்லைக் களைந்தாள்' என்றும் சொல்கிறோம். சொல் ஒன்றே, வேற்றுமை உருபும் ஒன்றே. ஆனால் முதல் தொடரில் அரிசி பானைக்குப் போகிறது. இரண்டாவதில் புல் வரப்புக்கு வெளியே போகிறது. சட்டையைக் கழுவினால் சட்டை மிஞ்சும். கறையைக் கழுவினால் கறை மறையும். காக்கப்படுவதும் நீக்கப்படுவதும் ஒரே இடத்தில் வந்து அமர்கின்றன. எது காக்கப்படுவது, எது நீக்கப்படுவது என்பதை வினைச்சொல் கூறுவதில்லை. கேட்பவன்தான் அறிந்துகொள்ள வேண்டும்.

ஆங்கிலம் இதைச் சற்று வெளிப்படையாகவே வைத்திருக்கிறது. 'கிளென்ஸ்' என்னும் வினைக்கு மூன்று பேர் வேண்டும். கழுவுபவர் ஒருவர், கழுவப்படுவது ஒன்று, அதிலிருந்து நீக்கப்படும் அழுக்கு ஒன்று. புண்ணை அதன் சீழிலிருந்து தூய்மை செய்தல், உள்ளத்தைப் பொறாமையிலிருந்து தூய்மை செய்தல் என்ற வகையில் அதன் தொடர் அமையும். வகுப்பில் கரும்பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்து இதை நான் விளக்குவது வழக்கம். முதற்கட்டத்தில் மருத்துவர், இரண்டாவதில் புண், மூன்றாவதில் சீழ். எளிய இலக்கணம்தான். அந்த மூன்றாம் கட்டத்தில் மனிதனை எழுதினால் என்னவாகும் என்ற கேள்வியை அப்பிள்ளைகள் கேட்டதில்லை. உலகம் அக்கேள்வியைக் கேட்டது. அதற்கு விடையும் எழுதியது.

மனிதர்களை அழுக்கின் இடத்தில் வைத்துப் பேசும் வழக்கம் ஒரே நாளில் தோன்றவில்லை. 1648 டிசம்பர் 6ஆம் நாள் இலண்டனில், தாமஸ் பிரைடு என்னும் படைத்தலைவர் கையில் பெயர்ப்பட்டியலோடு நாடாளுமன்றத்தின் வாசலில் நின்றார். படைக்கு வேண்டாத உறுப்பினர்களை உள்ளே விடாமல் தடுத்தார்; சிலரைச் சிறைப்பிடித்தார். வரலாற்று நூல்கள் அந்நிகழ்ச்சிக்கு இட்ட பெயர் 'பிரைடின் பர்ஜ்' என்பது. 'பர்ஜ்' என்பதும் தூய்மை செய்யும் சொல்தான், இலத்தீனிலிருந்து வந்தது. மருத்துவத்தில் அது பேதி மருந்து கொடுத்துக் குடலைத் தூய்மை செய்வதைக் குறிக்கும். அரசியலில் அது கட்சியை, சபையை, அலுவலகத்தை வேண்டாதவரிடமிருந்து விடுவிப்பதைக் குறிக்கலாயிற்று. சோவியத் நாட்டில் கட்சியிலிருந்து ஆட்களை நீக்குவதற்குச் 'சிஸ்த்கா' என்று பெயர். துப்புரவு என்பதே அதன் நேர்ப்பொருள். 1937, 1938ஆம் ஆண்டுகளில் அந்நாட்டில் இலட்சக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்பட்ட கொடுங்காலத்தை ஆங்கில நூல்கள் இன்றும் 'பெரும் பர்ஜ்' என்றே எழுதுகின்றன. இட்லரின் ஜெர்மனியிலோ, யூதர்கள் அகற்றப்பட்ட ஊரை 'யூதரற்ற தூய ஊர்' என்னும் பொருள்பட ஒரே கூட்டுச் சொல்லால் குறித்தார்கள். நாடு வேறு, கொள்கை வேறு, மொழி வேறு. கையில் எடுத்த துடைப்பம் மட்டும் ஒன்றே.

'கிளென்ஸ்' என்னும் சொல் இவ்வரிசையில் வந்து சேர்ந்தது 1992ஆம் ஆண்டில். யூகோசுலாவியா சிதைந்து, பொசுனியாவில் போர் மூண்டிருந்த காலம். அந்நாட்டு மொழியில் 'எத்னிச்கோ சிஷ்சேன்யே' என்று வழங்கிய தொடரைச் செய்தியாளர்கள் ஆங்கிலத்தில் 'எத்னிக் கிளென்சிங்' என்று பெயர்த்தார்கள். ஓரினத்தைச் சேர்ந்த மக்களை அச்சுறுத்தியும் கொன்றும் ஒரு நிலப்பரப்பை விட்டு அகற்றி, அந்நிலத்தை மற்றோர் இனத்துக்கு மட்டும் உரியதாக ஆக்குவது என்பது அதன் பொருள். 'சிஷ்சேன்யே' என்பதும் முன்னர்க் கண்ட 'சிஸ்த்கா' என்பதும் ஒரே சிலாவிய வேரில் கிளைத்த சொற்கள். சில மாதங்களில் அத்தொடர் உலகின் எல்லா மொழிகளுக்கும் பரவிற்று.

அச்சொல்லின் பின்னே நடந்தது என்ன? ஓர் ஊரைப் பார்ப்போம். பான்யா லூக்கா என்னும் நகரில் 1579இல் எழுப்பப்பட்ட ஃபெர்ஹாதியா பள்ளிவாசல் நானூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றது. அந்நகர் போர்முனையில் இருக்கவில்லை. அங்கே இரு படைகள் மோதவுமில்லை. இருப்பினும் 1993 மே 7ஆம் நாள் அப்பள்ளிவாசல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எஞ்சியவற்றையும் இடித்து, கற்களை அள்ளிக்கொண்டுபோய் நகரின் குப்பைமேட்டில் கொட்டினார்கள். கிளாஸ்கோவின் குப்பை வண்டியை நினைத்துப் பாருங்கள். சொல் தன் இரு பொருள்களையும் ஒரே இடத்தில் நிறைவேற்றிக்கொண்டது! பின்னாளில் அக்கற்களைக் குப்பைமேட்டிலிருந்தும் நீர்த்தேக்கத்திலிருந்தும் தேடி எடுத்து, அவற்றையும் வைத்தே பள்ளிவாசலை மீண்டும் எழுப்பினார்கள். 2016 மே 7ஆம் நாள், இடிக்கப்பட்ட அதே தேதியில், அது திறக்கப்பட்டது.

கற்கள் திரும்பின. மனிதர்கள் அவ்வாறு திரும்பவில்லை. மூன்றரை ஆண்டுக் காலப் போரில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் மடிந்தனர். இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். 1995 ஜூலையில் சிரெப்ரெனிட்சா என்னும் சிற்றூரில் மட்டும் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். குற்றத்தை மறைப்பதற்காகப் புதைகுழிகளை இயந்திரங்களால் தோண்டி வேறிடங்களுக்கு மாற்றியபடியால், ஒரே மனிதனின் எலும்புகள் பல குழிகளில் கிடைத்தன. மரபணுச் சோதனையால் அடையாளம் காணப்பட்டவர்களை ஆண்டுதோறும் ஜூலை 11ஆம் நாள் அங்கே நல்லடக்கம் செய்கிறார்கள். இவ்வளவையும் சுமக்கும் ஒரு சொல், சோப்புக் கட்டியின் உறையில் அச்சிடப்படும் சொல்லோடு உடன்பிறந்தது!

இங்கே ஒரு செய்தி சிந்தனைக்குரியது. இத்தொடரை உலகமே பேசினாலும், சர்வதேசச் சட்டத்தில் இப்பெயரால் தனியொரு குற்றம் இல்லை. பழைய யூகோசுலாவியாவுக்கென ஹேக் நகரில் அமைக்கப்பட்ட தீர்ப்பாயம் குற்றப்பத்திரிகை எழுத நேர்ந்தபோது, கொலை, நாடு கடத்தல், பலவந்தமாக இடம்பெயர்த்தல், துன்புறுத்தல், இனப்படுகொலை என்னும் பெயர்களாலேயே குற்றங்களை எழுதியது. நீதிமன்றத்தின் முன் குற்றத்தை நிறுத்த வேண்டிய வேளையில் கழுவும் சொல் உதவவில்லை. யார், யாரை, எங்கிருந்து, எங்கே விரட்டினார் என்ற நேரான சொற்களே உதவின.

இவையெல்லாம் எங்கோ தொலைதூரத்தில் நடந்தவை என்று நாம் கருதிவிடலாகாது. நம் தாய்மொழியின் எல்லைக்குள்ளேயே இது நடந்திருக்கிறது. அதுவும் பொசுனியாவுக்கு முன்னரே. 1990 அக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் இலங்கையின் வடமாகாண முஸ்லிம்களை அவர்தம் ஊர்களை விட்டு வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் அக்டோபர் 30ஆம் நாள் ஆணை வந்தது. கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். ஐந்து மாவட்டங்களிலுமாக ஏறத்தாழ 75,000 பேர் அகதிகளாயினர். பெரும்பாலோர் புத்தளத்தை அடைந்தனர். விரட்டியவர் பேசியதும் தமிழ். விரட்டப்பட்டவர் பேசியதும் தமிழ். அதற்கு ஏழாண்டுகளுக்கு முன், 1983 ஜூலையில், கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டு அவர்கள் வடக்கே ஓட நேர்ந்தது. ஒருமுறை அழுக்கின் இடத்தில் நிறுத்தப்பட்டவர், பின்னர் மற்றொருவரை அவ்விடத்தில் நிறுத்தமாட்டார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை என்பதே வரலாறு கற்பிக்கும் கசப்பான பாடம்.

சில ஆண்டுகளுக்கு முன், உறவினர் வீட்டுத் திருமணத்துக்காகப் புத்தளத்திலிருந்து எங்கள் ஊருக்கு வந்திருந்த ஒரு பெரியவரைச் சந்தித்தேன். யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் பிறந்து வளர்ந்தவர். "நானா, அன்று என்னதான் நடந்தது?" என்று கேட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டு மணித்தியாலம் தந்தாங்க தம்பி. காலையில தோய்ச்ச உடுப்பு கொடியில கிடந்தது. அது காயல்ல. நாங்க வெளிக்கிட்டம்" என்றார். அவ்வளவுதான். பத்திரிகைகள் அந்நிகழ்ச்சிக்கு 'இனச் சுத்திகரிப்பு' என்று பெயரிட்டன. அவர் பேச்சில் அச்சொல் ஒருமுறைகூட வரவில்லை. 'வெளியேற்றம்' என்றார், 'வெளிக்கிட்டம்' என்றார். அன்று அவ்வீட்டில் துவைக்கப்பட்டவை அந்த உடுப்புகள் மட்டுமே.

'சுத்திகரிப்பு' என்று நாம் வழங்கும் சொல்லையும் சற்று எண்ணிப் பாருங்கள். குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் என்கிறோம். மணலியில் இருப்பது எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. கழிவுநீர் சுத்திகரிப்பு என்கிறோம். இவற்றிலெல்லாம் சுத்திகரிப்பு ஒரு நன்மை. அதை வேண்டாமென்பார் யாருமில்லை. அச்சொல்லுக்கு முன்னே 'இன' என்று இரண்டெழுத்தைச் சேர்த்ததும், கேட்பவர் மனத்தில் ஒரு மூலையில் அந்த நன்மையின் நிழல் விழுந்துவிடுகிறது. நடந்தது கொடுமை என்று அறிவு கூறுகிறது. ஏதோ ஒன்று சுத்தமாயிற்று என்று காது கேட்கிறது. துன்பம் செய்தவன் தன் செயலுக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டத்தை, துன்பப்பட்டவனின் வாயாலும் சொல்லவைத்துவிடுகிறது அந்தச் சொல். இதைவிடப் பெரிய வெற்றி கொடியவனுக்கு வேறென்ன வேண்டும்?

தூய்மை என்பது நம் வாழ்க்கையின் அடிப்படை என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆகவே அச்சொல்லைப் பிறர் களவாடும்போது நமக்குக் கூடுதலாக வலிக்க வேண்டும். சிறுவயதில் ஓதப்பள்ளியில் ஆலிம்சா எங்களுக்கு முதலில் கற்பித்த பாடமே தஹாரத் எனும் தூய்மைதான். நஜீஸ் எவை என்று ஒரு பட்டியல் மனப்பாடம் செய்வோம். இரத்தம், சீழ், சிறுநீர், மலம், மது, செத்த பிராணி என்று அது நீளும். செத்தவை நஜீஸ் என்று கூறும் ஷாஃபி மத்ஹபின் கிதாபுகள், உடனே விலக்குகளையும் கூறிவிடும்: மீன், வெட்டுக்கிளி, மனிதன். ஆம், மனிதன்! உயிரோடிருந்தாலும் இறந்தாலும், எந்தச் சமயத்தவனாயினும், மனித உடல் தூய்மையானதே என்பது அவற்றின் தீர்ப்பு. மூன்றாம் கட்டத்தில் மனிதனை எழுத அச்சட்டம் இடமே வைக்கவில்லை. அன்று கிளிப்பிள்ளைபோல் ஒப்பித்த அந்த வரிசையின் பெருமை, பொசுனியாவின் செய்திகளைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

இன்னொன்றையும் நோக்கலாம். ஒளுச் செய்பவர் கழுவுவது தம் கையை, தம் முகத்தை, தம் காலை. அடுத்தவரைக் கழுவப் புறப்படுமாறு யாருக்கும் கட்டளையில்லை. நாம் பிறரைக் கழுவும் வேளைகள் சிலவே: பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுகிறோம், நோயாளியைத் துடைத்துவிடுகிறோம், மய்யித்தைக் குளிப்பாட்டுகிறோம். இம்மூன்றிலும் மனிதன் இரண்டாம் கட்டத்தில்தான் இருக்கிறான். அவன் கழுவப்படுபவன், அவனிடமிருந்து அழுக்கு நீங்குகிறது, அவன் மிஞ்சுகிறான். மய்யித்தைக் குளிப்பாட்டும் கைகள் எவ்வளவு மென்மையாக இயங்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிக்கொடுப்பதை நாம் கண்டிருக்கிறோம். வலியை உணராத உடலுக்கே அவ்வளவு மரியாதை!

அதனாலேயே, நம் பெயரைச் சொல்லிக்கொண்டு இக்கொடுமையைச் செய்தவர்களையும் நாம் கூறாமல் விடுவது நேர்மையாகாது. 2014 ஜூலையில் ஈராக்கின் மோசூல் நகரில் கிறிஸ்தவர்களின் வீட்டுச் சுவர்களில் 'நூன்' என்னும் அரபு எழுத்தை எழுதி, அவர்களை ஊரைவிட்டு விரட்டியவர்கள் தங்களை முஸ்லிம்கள் என்றே அழைத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் சிஞ்சாரில் யஸீதிகளுக்கு அவர்கள் இழைத்த கொடுமையை எழுதவே கை நடுங்குகிறது. நமக்கு நேர்ந்தால் கொடுமை, நம்மவர் செய்தால் துப்புரவு என்று இரண்டு அகராதிகளை வைத்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

அப்படியானால் இச்சொல்லைப் பயன்படுத்தவே கூடாதா என்று ஓர் ஆசிரிய நண்பர் என்னிடம் கேட்டார். உலகம் ஏற்றுக்கொண்ட தொடரை ஒருவர் விலக்கிவிட முடியாது. செய்தவனின் சொல்லைக்கொண்டே அவனை இடித்துரைப்பதும் ஒரு முறைதான். ஆனால் அதை எழுதும்போது மேற்கோள் குறிக்குள் அடைத்து எழுதலாம். இது நம் சொல்லன்று, அவன் சொல் என்று அக்குறி அறிவிக்கும். அதை அடுத்து நேரான வினையையும் எழுதிவிட வேண்டும். விரட்டினார்கள், கொன்றார்கள், எரித்தார்கள், பறித்தார்கள். இவை அழகிய சொற்களல்ல; ஆனால் பொய்யறியாதவை. இவற்றில் அழுக்கு என்று எவனையும் சுட்ட முடியாது.

இதை நாம் நம் வீடுகளிலேயே தொடங்கலாம். 'ஊரைச் சுத்தம் செய்ய வேண்டும்', 'பட்டியலைத் தூய்மைப்படுத்த வேண்டும்', 'கட்சியில் களையெடுக்க வேண்டும்' என்னும் பேச்சு நாள்தோறும் காதில் விழுகிறது. ஊரில் குப்பையிருந்தால் அள்ளத்தான் வேண்டும்; பட்டியலில் மாண்டவர் பெயர் இருந்தால் நீக்கத்தான் வேண்டும். ஆயினும் பிள்ளைகள் அப்பேச்சைக் கேட்டு வந்து நம் முன் ஒப்பிக்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேட்கப் பழக்குவோம்: 'எதை?' எதைச் சுத்தம் செய்கிறார்கள், எதிலிருந்து எதை நீக்குகிறார்கள்? விடையில் குப்பை வந்தால் நாமும் துடைப்பத்தோடு உடன் செல்வோம். விடையில் பக்கத்துத் தெருக்காரரின் பெயர் வந்தால், அது எந்தச் சமயத்துப் பெயராயினும், அங்கே நடக்கப்போவது தூய்மை அன்று என்பதைப் பிள்ளைகளே உணர்ந்துகொள்வார்கள்.